கொத்தமல்லியின் பங்காளிகள்

மே மாசம் பிரிட்டனில் எந்த ஊர் ரோட்டோரமா நடந்தாலும் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை வெள்ளையா ஒரு பூ நிக்கும். பஸ் ஜன்னல்லேர்ந்து பார்த்தா வேலியோரம் பூரா யாரோ நுரையை அள்ளித் தெளிச்ச மாதிரி இருக்கும். ஜூன் மாசமும் அதே வெள்ளை. ஆகஸ்டுலயும் அதே வெள்ளை. ஒரே செடிதான் நாலு மாசமா விடாம பூக்குதுன்னு நினைக்கிறவங்கதான் அதிகம், இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க உட்பட. உண்மையில் இது ஒரு தொடர் ஓட்டம். ஒரு செடி ஓடி முடிச்சதும் அடுத்த செடி கையில் கட்டையைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். தூரத்துலேர்ந்து பார்க்கிறவனுக்கு ஆள் மாறினதே தெரியாது.

ஆள் மாறினா நமக்கென்னன்னு கேக்கலாம். அந்த ஓட்டக்காரங்க நடுவில் ஒருத்தன் சாக்ரடீஸைக் கொன்னவன். இன்னொருத்தன் பிரிட்டனின் காட்டுச்செடிகளிலேயே கொடிய விஷம் உள்ளவன்னு பேர் வாங்கினவன். ரெண்டு பேரும் ஓடையோரத்திலும் நடைபாதையோரத்திலும் சாதுவா, வெள்ளைப்பூ வெச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

நம்ம அஞ்சறைப் பெட்டிக் குடும்பம்

இந்தச் செடிகளோட குடும்பப் பேர் ஏப்பியேசி. பழைய பேர் அம்பெலிஃபெரே, அதாவது குடை தாங்கிகள். பூக்காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பி மாதிரி பல காம்புகள் பிரியும். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் மறுபடி ஒரு குட்டிக் குடை. அந்தக் குட்டிக் குடையின் நுனிகளில்தான் பூ. நம்ம பாடப்புத்தகத்துல கூட்டுக்குடை மஞ்சரின்னு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான்.

இந்தக் குடும்பத்தை நமக்குப் புதுசா அறிமுகப்படுத்தவே வேணாம். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், சதகுப்பை, கேரட் எல்லாமே இந்த வீட்டுப் பிள்ளைங்க. பெருங்காயம் இந்தக் குடும்பத்துச் செடி ஒண்ணோட வேர்லேர்ந்து வடியுற பால். வல்லாரைக்கீரை கூட இதே குடும்பம்தான்னா நம்ப மாட்டீங்க. அதாவது ரசம் வைக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் இந்தக் குடும்பத்தோட பாதி உறுப்பினர்களை மூக்காலேயே தெரியும்.

குடும்ப அடையாளத்தைப் பார்க்க வயலுக்குக்கூடப் போக வேணாம். அடுப்படியில் மல்லி விதை ஒண்ணை எடுத்து லேசா அழுத்தி உருட்டுங்க. சரிபாதியா ரெண்டா பிரியும். ஊர்ல மல்லி விதைக்கிறதுக்கு முன்னாடி செருப்பால தேய்ச்சோ கட்டையால உருட்டியோ ரெண்டா உடைப்பாங்களே, அது இதுக்காகத்தான். நாம விதைன்னு சொல்றது உண்மையில் காய். அந்தக் காய் ரெண்டு பாதியா பிரியுறது இந்தக் குடும்பத்தோட முத்திரை. சீரகத்தையும் சோம்பையும் உத்துப் பாருங்க, நீளவாக்குல வரிவரியா மேடு இருக்கும். அந்த வரிகளுக்கு நடுவில் இருக்கிற மெல்லிய எண்ணெய்க் குழாய்கள்தான் மணத்துக்குக் காரணம். இந்த வரி, மேடு, முள், மூக்கு சமாச்சாரத்தை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில் வழக்கைத் தீர்க்கப்போவது பூ இல்லை, காய்.

ஏன்னா பூவைப் பார்த்து இவங்களைப் பிரிக்கிறது ரொம்பக் கஷ்டம். எல்லாப் பூவுக்கும் அஞ்சு வெள்ளை இதழ், அஞ்சு மகரந்தத்தாள், ரெண்டு சூல்தண்டு. எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி. இன்னைக்கு நேத்து தலைவலி இல்லை இது. ராபர்ட் மோரிசன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் 1672-லேயே இந்தக் குடைப்பூக் குடும்பத்துக்குன்னே தனியா ஒரு புத்தகம் போட்டார். ஒரே ஒரு தாவரக் குடும்பத்தை மட்டும் எடுத்து ஆராய்ஞ்ச முதல் நூல்னு அதைச் சொல்வாங்க. அவரும் பிரிச்சுக் காட்ட நம்பினது காயைத்தான்.

"மச்சி, மல்லித்தழை காடா கெடக்கு"

எங்க வீட்டில் கூடத் தங்கியிருக்கிற நண்பன் ஒருத்தன் போன ஏப்ரல்ல ஆத்தங்கரைப் பக்கம் ஓடப் போயிட்டு வந்து சொன்ன வாக்கியம் இது. கார்டிஃபில் டாஃப் ஆத்தை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கு, கடற்கரைலேர்ந்து பிரெக்கன் வரைக்கும் போகும். அதுல ஒரு ஓடை வந்து சேர்ற இடத்துல பளபளன்னு பச்சையா, கொத்தமல்லி மாதிரியே வெட்டுப்பட்ட இலையோட, கொத்துக்கொத்தா கெடக்குதாம். "இங்க கடையில ஒரு கட்டு மல்லிக்கு அழுவுறோம், அங்க சும்மா கெடக்குடா. நாளைக்குப் பை எடுத்துட்டுப் போறேன்" என்றான்.

அவனைக் கிண்டல் பண்ண மனசு வரலைங்க. நம்ம ஊர்ல வரப்போரமும் வாய்க்காலோரமும் கீரை பறிச்சு வளர்ந்த கை அது. கண்ணு சொன்னதும் தப்பில்லை. அந்த இலை நிஜமாவே மல்லி இலை மாதிரிதான் இருக்கும். கசக்கினா கெட்ட வாடைகூட வராது, செலரி, பார்ஸ்லி மாதிரி நல்ல மணம்தான் வரும். மறுநாள் கூடவே போய்ப் பார்த்தேன். அது ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட். நான் மேலே சொன்ன ரெண்டாவது ஆள். பை காலியாவே வீடு திரும்புச்சு.

இந்தச் செடியின் கிழங்குகள் வெள்ளையா, கொத்தா, விரல் விரலா இருக்கும். "செத்தவன் விரல்கள்"னு இங்கே அதுக்கு ஒரு பட்டப்பேரே உண்டு. விஷம் அதிகம் இருப்பது அந்தக் கிழங்கில்தான். ஈனாந்தோடாக்சின்னு பேர். நம்ம மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கிற ஒரு பிரேக் இருக்கு, காபான்னு ஒரு ரசாயனம். இந்த விஷம் அந்த பிரேக்கைப் பிடிக்க விடாது. விளைவு, வலிப்பு. மழை வெள்ளத்துல கரை அரிச்சுக் கிழங்கு வெளியில் தெரியும்போது மாடுகள் தின்னு செத்துப்போறதும் இங்கே நடக்கிற விஷயம்தான்.

2002-ல் ஓர் அவசர மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதிக்கு விடுமுறைக்குப் போன எட்டு இளைஞர்கள், இந்தக் கிழங்கை வேற ஏதோ நல்ல கிழங்குன்னு நினைச்சு சமைச்சுச் சாப்பிட்டிருக்காங்க. என்ன சமைச்சாங்க தெரியுமா? கறி! கட்டுரைத் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கு. நல்லவேளை, எல்லாரும் பிழைச்சுட்டாங்க. மசாலா போட்டா எதையும் சாப்பிட்டுடலாம்னு நம்மாளுங்க சொல்லுவாங்க. இதை மட்டும் முடியாது.

பார்க்க வேண்டிய ஆறு விஷயங்கள்

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த வெள்ளைக் குடைகளைப் பிரிச்சுப் பார்க்க ஆறு கேள்விகள். வரிசையா கேட்டுக்கிட்டே போகணும். பத்து மடங்கு பெரிசாக் காட்டுற சின்ன லென்ஸ் ஒண்ணு கையில் இருந்தா வேலை சுலபம்.

ஒண்ணு, தண்டு. முதலில் கீழ்ப்பகுதித் தண்டைப் பாருங்க. முடி இருக்கா, வழவழன்னு இருக்கா? ஊதாப் புள்ளியோ திட்டோ இருக்கா? உள்ளே குழல் மாதிரி காலியா, கெட்டியா? இந்த மூணு பதிலே பாதிச் செடிகளைப் பிரிச்சுக் கொடுத்துடும். மேல்பகுதியை மட்டும் பார்த்து முடிவு பண்ணக்கூடாது, அங்கே முடி உதிர்ந்திருக்கலாம்.

ரெண்டு, குடைக்கு அடியில். பெரிய குடையின் கம்பிகள் பிரியுற இடத்துல சின்னச் சின்ன இலை மாதிரி செதில்கள் இருக்கும், அல்லது இருக்காது. இதுக்குப் பூவடிச்செதில்னு பேர். அதே மாதிரி குட்டிக் குடைகளின் அடியிலும் பாருங்க. மேலே உண்டா, கீழே உண்டா, சுத்தி இருக்கா, ஒரு பக்கம் மட்டுமா? பூவைப் பார்க்காமல் பூவுக்கு அடியில் பார்க்கிறவன்தான் இதில் தேர்ச்சி பெறுவான்.

மூணு, காய். நீளமா, உருண்டையா? வழவழப்பா, வரியா, கொக்கி முள்ளா?

நாலு, மாதம். ஐந்து, இடம். காஞ்ச ரோட்டோரமா, ஓடைத் தண்ணியில் கால் நனைச்சுக்கிட்டா, கடலோரப் புல்வெளியா?

ஆறு, மணம். இதைக் கடைசியில் வெச்சதுக்குக் காரணம் இருக்கு. மணம் துணைச் சாட்சி மட்டும்தான். ஓடையோரத்து ஆள் எவ்வளவு நல்ல மணமா இருந்தான்னு பார்த்தோமே. ஏழாவதா சுவைன்னு ஒண்ணு இருக்கும்னு நினைக்காதீங்க. அது பட்டியலிலேயே கிடையாது.

ரோட்டோரத்து அண்ணன் தம்பிகள் மூணு பேர்

முதலில் சொன்ன தொடர் ஓட்டத்தின் மூணு முக்கிய ஆட்கள் இவங்க.

மூத்தவன் கவ் பார்ஸ்லி. ஏப்ரல் கடைசியில் ஆரம்பிச்சு ஜூன் தொடக்கத்தில் முடிச்சுடுவான். மே மாசத்து நுரை முழுக்க இவன்தான். தண்டு பள்ளம் பள்ளமா வரியோடியது, உள்ளே காலி, கீழ்ப்பகுதியில் மெல்லிய பூனைமுடி. சில சமயம் ஊதாச் சாயம் ஏறியிருக்கும், ஆனா தனித்தனித் திட்டா இருக்காது. இலைக்காம்பைக் குறுக்கே வெட்டினா மேல்பக்கம் செலரித் தண்டு மாதிரி வாய்க்கால் தெரியும். பெரிய குடைக்கு அடியில் செதில் கிடையாது. குட்டிக் குடைக்கு அடியில் உண்டு, ஓரத்தில் முடிவெச்ச சின்னச் செதில்கள். காய் நீளமா, வழவழன்னு, நுனியில் சின்ன மூக்கோட, பழுத்தா கறுப்பா இருக்கும்.

நடுவுலவன் ரஃப் செர்வில். மூத்தவன் ஓய்ஞ்ச பிறகு, ஜூன் ஜூலையில் வருவான். தண்டைத் தொட்டவுடனே வித்தியாசம் தெரிஞ்சுடும், சொரசொரன்னு விறைப்பான முடி. உள்ளே கெட்டி. ஊதாத் திட்டுகள் உண்டு. கணுக்களுக்குக் கீழே முட்டி வீங்கின மாதிரி புடைச்சிருக்கும். மொட்டுப் பருவத்தில் குடை தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். காய் நீளமா, வரிவரியா, நுனி நோக்கிக் குறுகிப் போகும். இவனும் சாப்பாட்டுக்கு ஆகாதவன். லத்தீன் பேரில் இருக்கிற 'டெமுலம்' என்ற சொல்லுக்கே குடிபோதைன்னு அர்த்தம். தின்னவன் தள்ளாடுவான் என்பதால் வந்த பேர்.

கடைக்குட்டி அப்ரைட் ஹெட்ஜ் பார்ஸ்லி. ஜூலை, ஆகஸ்ட். அண்ணன்களை விட ஒல்லி, குடையும் சிறிசு, வெள்ளையில் லேசா ரோஸ் கலந்திருக்கும். தண்டு கெட்டி, முடிகள் தண்டோடு ஒட்டிப் படிஞ்சு கீழ்நோக்கி இருக்கும். மேலேர்ந்து கீழே தடவினா வழவழப்பு, கீழேர்ந்து மேலே தடவினா சொரசொரப்பு. பெரிய குடைக்கு அடியிலும் செதில் உண்டு, அதனால மூத்தவனோடு குழப்பவே முடியாது. காயில் கொக்கி முள். நாயுருவி மாதிரி பேன்ட்டுல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். சாயங்காலம் சாக்ஸ்லேர்ந்து அதைப் பிடுங்கி எடுக்கும்போதே அடையாளம் கண்டுபிடிச்சுடலாம் :-)

மாதம், முடி, காய். இந்த மூணை வெச்சே மூணு பேரையும் பிரிச்சுடலாம். இது பழகிட்டா அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

சாக்ரடீஸைக் கொன்னவன்

ஹெம்லாக். கிமு 399-ல் ஏதென்ஸில் சாக்ரடீஸுக்குக் கொடுக்கப்பட்ட விஷம் இந்தச் செடியின் சாறு என்பதுதான் பொதுவான கருத்து. பிளேட்டோ 'ஃபீடோ'வில் அந்த மரணத்தை விவரிக்கிறார். முதலில் கால் மரத்துப்போகுது, மரப்பு மெல்ல மேலே ஏறுது, அறிவு மட்டும் கடைசி வரை தெளிவா இருக்கு. இன்னைய மருத்துவமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுது. இதில் இருக்கும் கோனியின் என்ற ஆல்கலாய்டு, நரம்பு தசைக்குக் கொடுக்கும் உத்தரவைப் போய்ச் சேரவிடாமல் தடுக்குது. கடைசியில் மூச்சுவிடுற தசைகளும் நின்னுபோகும். 1886-ல் ஆல்பர்ட் லாடன்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இதை ஆய்வகத்தில் செயற்கையா தயாரிச்சார். ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட முதல் தாவர ஆல்கலாய்டு இதுதான்.

இவனை எப்படிக் கண்டுபிடிக்கிறது? உயரம் ரெண்டு மீட்டரையும் தாண்டும். ஆனா உயரம் சாட்சி இல்லை, சின்னச் செடியும் செடிதான். தண்டு உள்ளே காலி, முடி சுத்தமா கிடையாது, வழவழப்பு, மேலே திராட்சைப் பழத்தில் இருக்கிற மாதிரி விரலால் துடைச்சா போகிற வெளுப்பு, அதில் ஊதா-சிவப்புத் திட்டுகள். இலையைக் கசக்கினா எலி மூத்திர நாத்தம். பெரிய குடைக்கு அடியில் சின்னச் செதில்கள் கீழே மடங்கியிருக்கும். குட்டிக் குடைக்கு அடியில் உள்ள செதில்கள் வெளிப்பக்கம் மட்டும் இருக்கும், உள்பக்கம் இருக்காது. காய் குட்டி உருண்டை, மல்லியை விடச் சிறிசு. அதில் ஓடும் வரிகள் நேரா இல்லாம, அலை அலையா இருக்கும்.

இப்ப ஒரு முக்கியமான இடத்துக்கு வந்திருக்கோம். "ஊதாத் திட்டு இருந்தா ஹெம்லாக்"னு சுருக்கமா ஒரு விதி பல இடங்களில் சொல்றாங்க. அது ஆபத்தான அரைகுறை விதி. மேலே பாருங்க, ரஃப் செர்விலுக்கும் ஊதாத் திட்டு உண்டு. ஆனா அவனுக்கு முடி உண்டு, இவனுக்கு இல்லை. இது ஒரு பக்கம். அதைவிட மோசமானது இந்த விதியைத் தலைகீழாப் புரிஞ்சுக்கிறது, அதாவது "திட்டு இல்லைன்னா ஆபத்து இல்லை"ன்னு. ஹெம்லாக் ரெண்டு வருஷத்துச் செடி. முதல் வருஷம் உயரமான தண்டே வராது, தரையில் இலைக்கொத்து மட்டும்தான். திட்டு தேடத் தண்டே இல்லாத நேரம் அது. அப்புறம் நம்ம ஓடையோரத்து நண்பனுக்குத் திட்டே கிடையாது. வழவழப்பான, வரியோடின, பச்சைத் தண்டு. ஊதாத் திட்டை மட்டும் தேடுறவன் இவனை நேரா சமையலறைக்குக் கூட்டிட்டு வந்துடுவான்.

ஆக, ஓடையோரத்து ஆளை எப்படிப் பிடிக்கிறது? முதல் தடயம் இடம். சதசதன்னு ஈரமான மண், ஓடை, வாய்க்கால். பிரிட்டனின் தெற்கிலும் மேற்கிலும் ரொம்பச் சாதாரணம். இலையின் துண்டுகள் அடியில் குறுகி நுனியில் விரிஞ்சு, மல்லி இலை போல இருக்கும். தண்டையோ கிழங்கையோ வெட்டினா வெளிவரும் சாறு மஞ்சளா மாறும். லத்தீன் பேரில் 'குரோகாட்டா'ன்னு வர்றதே அந்தக் குங்குமப்பூ நிறத்தால்தான். (வெட்டிப் பார்க்கச் சொல்லலை சாமி, தெரிஞ்சுக்கத்தான் சொல்றேன்.) பூ ஜூன், ஜூலையில். குட்டிக் குடைகள் ஒவ்வொண்ணும் உருண்டு திரண்டு தனித்தனிப் பந்தா தெரியும். காய் உருளை வடிவம், தலையில் ரெண்டு நீளமான சூல்தண்டு கொம்பு மாதிரி நின்னுக்கிட்டே இருக்கும்.

நல்ல பிள்ளைகளும் ஒரு வெளியூர்க்காரனும்

எல்லாரும் கொலைகாரங்க இல்லை. காட்டுக் கேரட் இருக்கு. நாம சாம்பார்ல போடுற கேரட்டும் இதுவும் ஒரே இனம்தான். இந்த வேல்ஸ் பக்கம் கடலோரப் புல்வெளிகளில் ஜூன்லேர்ந்து ஆகஸ்ட் வரைக்கும் நிறையப் பார்க்கலாம். இவ்வளவு சுலபமான அடையாளம் வேற யாருக்கும் கிடையாது. பெரிய குடைக்கு அடியில் நீளமான, கிளை பிரிஞ்ச செதில்கள் தாவணிக் குஞ்சம் மாதிரி சுத்தித் தொங்கும். குடையின் நடுமத்தியில் ஒரே ஒரு பூ கருஞ்சிவப்பா திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி இருக்கும். (எல்லாக் குடையிலும் இருக்காது. திருஷ்டி வேண்டாதவங்களும் இருப்பாங்க போல.) காய்க்கிற சமயத்தில் குடை உள்பக்கமா சுருண்டு குருவிக்கூடு மாதிரி ஆயிடும். தண்டில் முடி உண்டு, காயில் முள் உண்டு.

பேர்க் குழப்பம் இங்கேதான் வருது. 'குயின் ஆன்ஸ் லேஸ்'னு இங்கிலாந்தில் சொன்னா பெரும்பாலும் கவ் பார்ஸ்லி. அதே பேரை அமெரிக்காவிலும் கனடாவிலும் சொன்னா காட்டுக் கேரட். டொரண்டோவில் இருக்கிற நண்பரும் நானும் போன்ல ஒரே பேரைச் சொல்லிக்கிட்டு ரெண்டு வேற செடியைப் பத்திப் பேசலாம். லத்தீன் பேர் எதுக்குன்னு அலுத்துக்கிறவங்களுக்கு இதுதான் பதில். கவ் பார்ஸ்லின்னா ஆந்த்ரிஸ்கஸ் சில்வெஸ்ட்ரிஸ், காட்டுக் கேரட்னா டாக்கஸ் கரோட்டா, ஹெம்லாக்னா கோனியம் மாக்குலேட்டம், ஓடையோரத்து ஆள் ஈனாந்தே குரோகாட்டா. இந்த நாலு பேரும் எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது.

ஹாக்வீட் இன்னொரு நல்ல அடையாளக்காரன். இவனோட இலை மத்தவங்க மாதிரி பொடிப்பொடியா வெட்டுப்படாது. பெரிய, முரட்டு, அகலமான இலை. தண்டில் விறைப்பான முடி. குடையின் ஓரத்துப் பூக்களில் வெளிப்பக்க இதழ்கள் மட்டும் பெரிசா இருக்கும். நம்ம மல்லிப் பூவிலும் இதே மாதிரிதான், அடுத்த தடவை தொட்டியில் மல்லி பூ விட்டா கவனிங்க.

இவனோட வெளியூர்ப் பங்காளிதான் ஜயண்ட் ஹாக்வீட். காகசஸ் மலைப் பக்கத்துச் செடி. 1817-ல் லண்டன் கியூ தோட்டத்தின் விதைப் பட்டியலில் இதன் பேர் வருது. அழகுக்காகக் கொண்டுவந்தாங்க, தப்பிச்சு ஆத்தங்கரை எல்லாம் பரவிடுச்சு. அஞ்சு மீட்டர் உயரம் வரைக்கும் போகும். இது தின்னு மாட்டிக்கிற செடி இல்லை, தொட்டே மாட்டிக்கிற செடி. சாறு தோலில் பட்டு, மேலே வெயில் பட்டா, தீக்காயம் மாதிரி கொப்பளம் வரும். சாற்றில் இருக்கிற ஃபியூரானோகூமரின்கள் வெயிலோடு சேர்ந்து செய்யுற வேலை. ஆளை விட உயரமா, தடிமனான தண்டில் ஊதாப்புள்ளியும் முடியுமா நின்னா, தள்ளியே நின்னு பாருங்க. பட்டுட்டா உடனே சோப்பு போட்டுக் கழுவி, அந்த இடத்தை வெயில் படாம மூடணும்.

செல்போன் சொல்லுமே?

இப்பல்லாம் செடியைப் படம் பிடிச்சா பேர் சொல்ற செயலிகள் வந்துடுச்சு. நானும் வெச்சிருக்கேன், தினமும் பயன்படுத்துறேன். ரோஜாவையும் செம்பருத்தியையும் பிரிக்கிறதுல அதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இந்தக் குடும்பத்துல மட்டும் கொஞ்சம் யோசிக்கணும். நாம படம் எடுக்கிறது எதை? கண்ணுக்கு அழகா இருக்கிற பூக்குடையை, மேலேர்ந்து. வித்தியாசம் இருக்கிறது எங்கே? தண்டின் முடியில், குடையின் அடியில், காயில். படத்தில் இல்லாத ஒண்ணைச் செயலி எப்படிப் பார்க்கும்? அது மேல தப்பு இல்லை, கேள்வியே அரைகுறை. அதனால படம் எடுக்கிறதா இருந்தா அஞ்சு எடுங்க: முழுச்செடி, அடித்தண்டு, இலை, குடையின் அடிப்பக்கம், காய். செயலி சொல்ற பேரை ஒரு யோசனையா மட்டும் எடுத்துக்கிட்டு, ஆறு கேள்வியையும் நீங்களே கேட்டுப் பாருங்க. பேர் தெரிஞ்சுக்க இந்த வழி நல்ல வழி. வாயில் வைக்கலாமான்னு முடிவு பண்ண இது வழியே இல்லை.

ஆழமாப் போக விரும்புறவங்களுக்கு ஒரு புத்தகம் இருக்கு. பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் சங்கத்தின் கையேடு வரிசையில் 1980-ல் டி.ஜி. டூடின் எழுதிய குடைப்பூச் செடிகள் கையேடு. ஒவ்வொரு இனத்துக்கும் கோட்டோவியம். பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்க.

சட்டம் ஒண்ணும் தெரிஞ்சிருக்கணும். பிரிட்டனில் 1981 வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி, நிலத்துக்காரர் அனுமதி இல்லாம எந்தக் காட்டுச்செடியையும் வேரோடு பிடுங்கக்கூடாது. அதனால கிழங்கைத் தோண்டிப் பார்த்து அடையாளம் காணலாம்கிற யோசனையை விட்டுடுங்க. தண்டும் காயுமே போதும்.

சுருக்கமா ஒரு தடவை

மே மாசம், தண்டு காலி, அடியில் மெல்லிய முடி, பெரிய குடைக்கு அடியில் செதில் இல்லை, காய் வழவழப்பு: கவ் பார்ஸ்லி.

ஜூன் ஜூலை, சொரசொர முடியும் ஊதாத் திட்டும் சேர்ந்து, கெட்டித் தண்டு, வீங்கின கணு: ரஃப் செர்வில்.

ஜூலை ஆகஸ்ட், ஒல்லி உடம்பு, படிஞ்ச முடி, கொக்கி முள் காய்: ஹெட்ஜ் பார்ஸ்லி.

முடியே இல்லை, ஊதாத் திட்டு, எலி நாத்தம், அலை வரி போட்ட உருண்டைக் காய்: ஹெம்லாக். கையை எடுங்க.

ஈரமான இடம், முடி இல்லை, திட்டும் இல்லை, மல்லி மாதிரி இலை, நல்ல மணம்: ஹெம்லாக் வாட்டர் டிராப்வொர்ட். இதிலிருந்தும் கையை எடுங்க.

குடைக்கு அடியில் குஞ்சம், நடுவில் திருஷ்டிப் பொட்டு: காட்டுக் கேரட்.

யாராவது தெரியாம தின்னுட்டாங்கன்னா அறிகுறி வரட்டும்னு காத்திருக்காதீங்க. பிரிட்டன்னா உடனே 999. தின்ன செடியின் மிச்சத்தை ஒரு பையில் போட்டுக் கையோட எடுத்துட்டுப் போங்க. மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் இருக்கிற பதிவர்களுக்கு: ஹெம்லாக் உங்க ஊர்லயும் குடியேறிடுச்சு. வட அமெரிக்காவில் கூடுதலா சிகூட்டா என்ற வாட்டர் ஹெம்லாக்கும் உண்டு, அதுவும் ஓடையோரம்தான், அதுவும் வலிப்புதான். ஊர்லேர்ந்து அப்பா அம்மா கோடைக்கு வந்து தங்கும்போது ஏரிக்கரைக்கு நடை கூட்டிட்டுப் போவீங்க. நம்ம அம்மாக்களுக்குக் கீரையைக் கண்டா கை சும்மா இருக்காது. அவங்ககிட்ட மட்டும் இதைத் தமிழ்லயே சொல்லி வெச்சுடுங்க: இங்கே ஓடையோரத்துல மல்லி முளைக்காதும்மா, மல்லி மாதிரி இருக்கிறதுதான் முளைக்கும்.

பி.கு: இந்த ஜூன்ல உங்க வீட்டுத் தெருமுனையில் ஒரு வெள்ளைக் குடை நிக்கும். அதைப் படம் எடுங்க, முதல் படம் குடையின் அடிப்பக்கமா இருக்கட்டும். செதில் இருக்கா இல்லையான்னு எனக்கும் எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.